பேஸ் கிற்றார்: ஆள் அடையாளம் தெரியாமல் வாசிக்க ஒரு வழிகாட்டி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், இரவு பஸ் பலாபத்வலையைக் கடக்கும்போது எங்கோ ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து பைலா கேட்கிறது. பஸ்ஸில் இருப்பவர் குரலை வைத்துப் பாடகர் இன்னார் என்கிறார். ஓர்கனை வைத்துக் குழு இன்னது என்கிறார். பேஸை வைத்து அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த மேடையில் பேஸ் வாசித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். வாழ்த்துகள்.

இந்த நிலைக்கு வருவது லேசுப்பட்ட காரியமல்ல. இருந்தாலும் அசதியான வேளைகளில், நாலாவது பைலாவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, உங்கள் கை உங்களை மீறி ஏதோ சொந்தமாக ஒலித்துவிடுகிறது. அதை அடியோடு நிறுத்துவோம்.

1. கடையில் தொடங்குங்கள். உங்கள் ஒலியில் குறை தெரிந்தால் அது கிற்றாரின் குறை. கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறுங்கள். புதிதாக ஒன்றை வாங்குங்கள், ஆறு மாதத்தில் அதை விற்று இன்னொன்றை வாங்குங்கள். ஒரே கிற்றாரோடு பல வருடம் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராயிட்டில் மோட்டவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்கிறார். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்றைத்தான் அவர் விடாமல் வைத்திருந்தார். வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பாலத்து மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பொஞ்ச். அவ்வளவுதான் அவருடைய சாமான்.

மோட்டவுன் பல ஆண்டுகள் வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டில் போடவே இல்லை. 1971இல் வந்த மார்வின் கேயின் தொகுப்பில்தான் ஜேமர்சனின் பெயர் அச்சில் வந்தது. அதற்கு முன்பே, பெயர் தெரியாமலேயே, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் பேஸ்காரர்கள் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு விபரீதம் உங்களுக்கு வரக்கூடாது. ஆகவே கல்யாணத்துக்குக் கல்யாணம் கம்பியை மாற்றுங்கள். புதுக் கம்பி எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கிணுகிணுக்கும். உங்கள் கைக்குப் பழகிவருவதற்குள் கழற்றி எறிந்துவிடுங்கள். விலையைப் பார்த்தால் வயிறு எரியும்தான். கலைக்காகச் செலவழிக்கிறோம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

2. வலது கையை ஓரிடத்தில் இருக்க விடாதீர்கள். இது நீங்கள் நன்றாகவே செய்துவருவது. முதல் வரியில் கழுத்துப் பக்கம், இரண்டாவது வரியில் பாலத்துப் பக்கம், சரணத்தில் கட்டைவிரலால் அடி, கடைசியில் பிக். தொடருங்கள்.

ஆனால் காரணம் தெரிந்து செய்தால் இன்னும் திருத்தமாகச் செய்யலாம். ஒரு கம்பியை எந்த இடத்தில் சுண்டுகிறீர்களோ, அதைப் பொறுத்து அதன் மேல் ஒலிகள் மாறும். திறந்த கம்பியைச் சரியாக நடுவில், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே சுண்டினால் இரட்டைப்படை மேல் ஒலிகள் எழாது; ஒலி குடைந்த மாதிரி உருண்டையாக வரும். பாலத்தை நெருங்க நெருங்க மேல் ஒலிகள் கூடி, மூக்கால் பேசும் குரல் வரும். ஒருவர் தன் விரலை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே அழுத்தத்தில் வைத்தால் அவருக்கென்று ஒரு குரல் அமைந்துவிடுகிறது. ஜேகோ பாஸ்டோரியஸ் பாலத்துப் பிக்கப்புக்கு மேலேயே கையை வைத்திருந்தார். கரோல் கே பிக்கால்தான் வாசித்தார், கம்பியை அமுக்க ஒரு கம்பளித் துண்டும் வைத்திருந்தார். ஜேமர்சன் இன்னும் மோசம். பெரிய நிமிர்ந்த பேஸிலிருந்து வந்தவர் என்பதால், வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். கூட்டாளிகள் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே விரல்! உங்களிடம் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் ஒவ்வோர் அழுத்தத்தில் சுண்டுங்கள். ஆட்காட்டி விரல் ஓங்கியும் நடுவிரல் சோர்ந்தும் ஒலிக்கட்டும். அதைச் சமப்படுத்த ஒரு கம்ப்ரெஸர் பெடல் வாங்கலாம். விரலைத் திருத்துவதைவிட அது சுலபம்.

3. நோட்டை எங்கே முடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம். அடையாளம் தெரியாமல் வாசிப்பதில் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒரு நோட்டைத் தொடங்குவதில் பேஸ்காரருக்குப் பேஸ்காரர் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் முடிப்பதில். இடது கையை எப்போது தளர்த்துகிறார், வலது உள்ளங்கையால் எப்போது அமுக்குகிறார், அடுத்த அடி வருவதற்கு முன் எவ்வளவு வெறுமை விடுகிறார் என்பதில் ஆள் தெரிந்துவிடும். எனவே நீங்கள் முடிக்கவே முடிக்காதீர்கள். ஒரு நோட் தானாக அடங்கும்வரை அல்லது அடுத்த நோட் வந்து அதை இடித்துத் தள்ளும்வரை ஒலிக்கட்டும். வாசிக்காத மூன்று கம்பிகளும் தம் பாட்டுக்கு முனகட்டும்.

பைலாவில் இதன் பலன் உடனே தெரியும். அது ஆறு எட்டுத் தாளம். வாலி பாஸ்டியன் என்ற பொலிஸ்காரர் கஃப்ரிஞ்ஞா என்ற பழைய ஆட்ட இசையை எடுத்துப் பைலாவாக்கிய காலத்திலிருந்து அந்தத் தாளத்துக்கு உயிர் கால்களில்தான். குறுகிய நோட், ஒரு துள்ளல், ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவர் காலைத் தூக்குகிறார். அதை நீங்கள் இழுத்து நிரப்பினால் கால் தூக்க இடமிராது. பெரியப்பாமார் இரண்டு சுற்று ஆடிவிட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வயதாகிவிட்டது என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். உங்கள் மேல் பழி வராது.

4. ட்ரம்ஸ்காரரைப் பார்க்காதீர்கள். இப்போதெல்லாம் அவர் இருப்பதே இல்லை என்பது நமக்கு வசதி. ஓர்கன்காரர் ஒரு பொத்தானை அமுக்கினால் றிதமும் வந்துவிடுகிறது, கூடவே ஒரு பேஸும் வருகிறது. அதை நிறுத்திவிடும்படி அவரிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். அதற்கு மேலேயே நீங்களும் வாசியுங்கள். இரண்டு பேஸ் ஒன்றையொன்று மிதிக்கும்போது எது மெஷின், எது மனிதன் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

உண்மையான ட்ரம்ஸ் இருந்தால் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும். சிலர் எப்போதும் அடிக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுவார்கள், சிலர் முன்னால். எந்தப் பக்கம் என்பதல்ல விஷயம். எப்போதும் அதே பக்கம் விழுந்தால் அது கையெழுத்தாகிவிடும். நீங்கள் பாட்டுக்குப் பாட்டு மாறுங்கள். முடிந்தால் வரிக்கு வரி.

5. இளையராஜா பாட்டுகளைக் கைபேசியில் கேட்டுப் பழகுங்கள். குழுவில் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் செய்தீர்கள், தெரியும். அதன் விஞ்ஞானத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பேஸின் கீழ்க்கம்பி ஈ. திறந்து விட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வு. அதற்கு மேலே ஏ 55, டி 73, ஜி 98. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் இவற்றில் ஒன்றையும் உருப்படியாக ஒலிக்க முடியாது. அது தருவது, ஈ கம்பியென்றால் 82, 123, 164 என்று மேலே ஏறிக்கொண்டே போகும் மேல் ஒலிகளின் உயர்ந்த வாலை மட்டும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன அடி ஒலியை உங்கள் மூளையே கட்டி எழுப்பிக்கொள்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது பாதி ராஜாவின் பேஸ்காரர் சசிதரன், பாதி உங்கள் கற்பனை. இந்த நிலையில் அவர் நோட்டை எங்கே முடித்தார், எங்கே விரலைச் சறுக்கினார் என்பதெல்லாம் காதில் விழ வாய்ப்பே இல்லை. நல்ல ஹெட்ஃபோன் யாராவது இரவல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சசிதரனை ஏன் இவ்வளவு கவனமாகத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன். எண்பதுகளில் இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் அவர். ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்டேஷன் எழுதிக் கொடுப்பவர், பேஸுக்கும் சேர்த்துத்தான். வெறும் அடிச்சுரத்தை இடித்துக்கொண்டிருக்கும் பேஸ் அல்ல அது. பாடகர் மேலே போனால் இது கீழே இறங்கும், அவர் மூச்சு விடும்போது இது பேசும், தனியாக எடுத்துப் பாடினால் அதுவே ஒரு மெட்டாக நிற்கும். *மூடுபனி*, *நிழல்கள்* (இரண்டும் 1980), *பயணங்கள் முடிவதில்லை* (1982) என்று எதை எடுத்தாலும் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கும். ஆக, நோட் வாசிப்பவருடையதல்ல. நேரம் அவருடையதல்ல. ஸ்டூடியோ அவருடையதல்ல. கசட் உறையில் பெயரும் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஒலியைக் கேட்டவர்கள் "இந்த ஆள்" என்று கண்டுகொண்டார்கள். எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்த ஒருவரின் விரல் மட்டும் எழுத்துக்குள் அடங்கவில்லை.

உங்கள் நிலைமை நேர்மாறானது. எதை வாசிப்பது என்பதில் உங்களுக்கு முழுச் சுதந்திரம். பதாகையில் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் 'சூப்பர் பேஸ்' என்றும் போட்டிருக்கிறார்கள். ஒலியில் மட்டும் நீங்கள் இல்லை. இந்தச் சமநிலையைக் குலைக்காதிருக்க:

ராஜாவின் பேஸ் வரியை வாயால் பாடிப் பார்க்காதீர்கள். வீடியோவில் ஃபிரெட் எண்ணை மட்டும் பாருங்கள்.

பல்லவியில் அடிச்சுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடையிசை வந்ததும், ஓர்கன்காரர் வயலின் பகுதியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, உங்களுக்குத் தெரிந்த வேகமான ஓட்டம் ஒன்றை இடையே செருகுங்கள். எல்லாப் பாட்டுக்கும் அதே ஓட்டம். (இதையே உங்கள் அடையாளம் என்று சிலர் சொல்லக்கூடும். கவலை வேண்டாம், அதே ஓட்டத்தை அதே வீடியோவில் கற்ற எல்லோரும்தான் வாசிக்கிறார்கள்.)

ரஹ்மான் பாட்டுகளுக்குக் கீத் பீட்டர்ஸ் இருக்கிறார். அவருக்கும் இதே மருந்து.

6. குறை ஏதாவது ஒட்டிக்கொண்டால் பணம் கொடுத்துத் தொலையுங்கள். தனி ஒலி உள்ளவர்களின் கதையைத் தோண்டினால் பெரும்பாலும் அடியில் ஒரு போதாமை கிடக்கும். பால் மெக்கார்ட்னி இடது கைக்காரர். 1961இல் ஹாம்பர்க்கில் வயலின் வடிவ ஹோஃப்னர் ஒன்றை வாங்கினார். விலை மலிவு. இரண்டு பக்கமும் ஒரே அச்சு என்பதால் தலைகீழாகப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. அந்தக் குடைந்த மரத்தின் தொம்மென்ற ஒலி பிற்பாடு உலகத்துக்கே தெரிந்தது. ஜேமர்சனுக்கு ஒரு விரல். ஜேகோவுக்கு ஃபிரெட் இல்லை. ஃபிரெட்டுகள் நீக்கப்பட்ட 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் விரற்பலகைக்கு, படகுக்குப் பூசும் எபொக்சியைப் பூசினார். இவர்கள் யாரும் தம் போதாமையை நிவர்த்தி செய்யப் போகவில்லை. அதிலேயே குடியிருந்துவிட்டார்கள்.

நீங்கள் குடியிருக்காதீர்கள். சுண்டுவிரல் எட்டவில்லையா, குட்டைக் கழுத்து கிற்றார் வாங்குங்கள். நாலு கம்பி போதவில்லையா, ஐந்து வாங்குங்கள். அதில் பீ என்று 31 அதிர்வுக்கு ஒரு கம்பி இருக்கும். பலாபத்வலைக்கு வரும் எந்த வாடகைப் பெட்டியும் அதை ஒலிக்காது, ஆனால் புகைப்படத்தில் கம்பீரமாக இருக்கும். ஆறு கம்பி இன்னும் நல்லது.

ஜேகோவைப் பிடித்துவிட்டதா? அப்படியானால் ஃபிரெட் இல்லாத கிற்றார் வாங்கி அவர் மாதிரியே வாசியுங்கள். 1976இல் வந்த அவருடைய முதல் தனித்தொகுப்புக்குப் பிறகு உலகம் முழுக்க ஆயிரம் பேர் அதைத்தான் செய்தார்கள். "ஜேகோ மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் உங்கள் வேலை முடிந்தது. 'மாதிரி' இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வழியில்லை.

7. நடு ஒலியை வெட்டிவிடுங்கள். அம்ப்பில் பேஸை முழுக்கத் திறங்கள். ட்ரெபிளையும் திறங்கள். மிடிலைச் சுத்தமாக மூடுங்கள். வீட்டில் தனியாகக் கேட்க ஜோராக இருக்கும். மண்டபத்தில் கீழ் ஒலி தகரக் கூரையை அதிரவைத்துவிட்டு மறைந்துபோகும், மேல் ஒலியை ஓர்கன் தின்றுவிடும். விரல் கம்பியில் படும் சத்தமும் நோட்டின் சதையும் இருப்பது நடுவில்தான். அதைத்தான் மூடியிருக்கிறீர்கள். யாருக்கும் ஒன்றும் கேட்காது. கேட்காததால் சவுண்ட்காரர் உங்கள் சத்தத்தை ஏற்றுவார். ஏற்றினால் கூரை அதிரும். கூரை அதிர்ந்தால் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து இறக்கச் சொல்வார். இரவு முழுக்க இது நடக்கட்டும்.

இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையென்றால் ஒரு போனஸ் உண்டு. இரண்டையும் சம அளவில் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கிவிடும். ஆகவே ஒன்றைக் குறைத்துவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி. ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் பிடிக்கும் ஜி நோட்டு 49. அந்த இரைச்சலும் உங்கள் ஜியும் பக்கத்துப் பக்கத்து வீடு. பாட்டு ஜியில் அமைந்தால் நீங்கள் கையை எடுத்துவிட்டாலும் மின்சார சபை தொடர்ந்து வாசிக்கும்.

8. ஊரில் வாசிப்பவர்களிடம் காது கொடுக்காதீர்கள். இது கண்டிப்பான விதி. பேஸ் மேல்நாட்டு வாத்தியம். அதைக் கற்பது இணையத்தில் மட்டுமே.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேரும் புறப்படும்போது தவில்காரருக்கு அருகே போய் நிற்காதீர்கள். வலந்தலையில் விரல் கூடுகள் பொரியும்போது, இடப்பக்கத் தொப்பியில் குச்சி எங்கே விழுகிறது, எங்கே விழாமல் விடுகிறது என்று கவனித்துவிடப் போகிறீர்கள். அது பேஸ்காரரின் வேலை.

தோட்டத்துப் பக்கம் மாசியில் காமன் கூத்து நடக்கும் இரவுகளில் இன்னும் ஜாக்கிரதை. தப்பை நெருப்பில் காய்ச்சி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, போதாதென்று மறுபடி காய்ச்சுவார்கள். அம்ப் இல்லை, பெடல் இல்லை. அடுத்த மலையில் படுத்திருக்கும் கிழவி, அடியைக் கேட்டே இன்னாருடைய மகன் அடிக்கிறான் என்பாள். அப்பனுடைய கையிலிருந்து மகனுடைய கைக்கு என்ன வந்தது, என்ன மாறியது என்பதும் அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஆட்களிடம் நீங்கள் உட்கார்ந்தால், கற்க வேண்டியது தோல் பற்றியா விரல் பற்றியா என்ற சந்தேகம் வந்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடங்கள். (ஐந்தாம் படியில் வேண்டாம் என்று சொன்னது இங்கே பயன்படும்.)

மும்பையில் பிறந்த மோகினி டே கொன்னக்கோல் சொற்கட்டைப் பேஸில் இறக்கினார். இருபது வயது தாண்டுவதற்குள் உலக மேடைகளில் அவர் கை தெரிந்தது. வாயால் தாளம் சொல்வதன் கெடுதல் இது.

9. உங்களை நீங்களே பதிவு செய்து கேட்காதீர்கள். பேஸ்புக்குக்காக எடுப்பது பதிவில் சேராது. அதில் முகமும் சட்டையும்தான் முக்கியம். பேஸை மட்டும் தனியாகப் பதிந்து, கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் வாசித்தது போலக் கேட்பதுதான் ஆபத்து. முதலில் அசிங்கமாக இருக்கும். பிறகு, அந்த அசிங்கத்திலேயே ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது தெரியும்: ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக விழும் நாலாவது நோட், மேலே சறுக்கும்போது மட்டும் வரும் ஒரு கரகரப்பு. அதை வைத்துக்கொள்ளலாமா என்ற ஆசை பிறக்கும். பதிவை அழியுங்கள்.

10. அவசர சிகிச்சை. இவ்வளவு செய்த பிறகும் ஒருநாள் இடைவேளையில் யாராவது மேடைக்குப் பின்னால் வரலாம். சமையல் பக்கத்துப் பையனாக இருக்கலாம், வெளியே ஓட்டோவில் காத்திருந்தவராக இருக்கலாம். "அண்ணே, போன மாசம் உக்குவளையில வாசிச்சதும் நீங்கதானே? ரோட்டில நின்னு கேட்டப்பவே தெரிஞ்சுது" என்பார். பதறாதீர்கள். ஓர்கன் பக்கம் கையைக் காட்டுங்கள். எல்லாம் மெஷின் என்று சொல்லுங்கள். அவர் நம்பாமல் நின்றால் அன்றிரவே கம்பிகளைக் கழற்றுங்கள், விடிந்ததும் கிற்றாரை விற்பனைக்குப் போடுங்கள்.

வாங்க வருபவர் கிற்றாரைத் திருப்பி, பிக்கப்புக்குப் பக்கத்தில் வர்ணத்தைத் தடவிப் பார்ப்பார். ஒரே இடத்தில் பல வருடம் கை ஊன்றி வாசித்த கிற்றாரில் அங்கே மரம் தெரியும். அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்பார்கள். இரண்டாம் படியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் உங்களுடையதில் ஒரு கீறலும் இராது. முழு விலையும் கேளுங்கள்.